ஆற்று மணல்

தூத்துக்குடி
12-9-1974

கர்த்தருக்குள் பிரியமான ஞானதீபம் மதினிக்கு அற்புதமணி எழுதுவது. தேவன் காத்ததினால் இங்கே சுகம். நீங்களும் மாப்பிள்ளையும் என் மகள் கிருபையும் பேத்தி எப்சியும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

வீட்டு வேலை தொடங்கிவிட்டேன். மழைக்கு முன்னே கூரை ஓடுகளையெல்லாம் பிரித்து, உளுத்த சட்டங்களை மாற்றி, திரும்ப வேய வேண்டும். நடு அறையின் பழைய பூச்சைக் கொத்திவிட்டுப் புதுசாகப் பூச வேண்டும். கிருபை பிள்ளை பெறப்போகிற அறை அதுதான். கார்த்திகைக் கடைசியில் அவளுக்கு நாள் என்று மாப்பிள்ளை எழுதியிருந்தார். பக்கத்துத் தெரு நர்ஸ் அமலோற்பவத்திடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.

தலைப்பிள்ளை தாய் வீட்டில் பிறக்க வேண்டும் என்பது நம்மில் வழக்கம். எனக்கு அது வாய்க்கவில்லை. எழுபத்தொன்று ஐப்பசியில் அவளை இங்கே கூட்டி வைத்திருந்தேன். பார்க்க வந்த நீங்கள், ஒழுக்குக்காகக் கட்டில் மேல் நான் வைத்திருந்த சட்டியைப் பார்த்தீர்கள். "இந்த ஒழுக்குலயா புள்ள பெறப் போறா?" என்று கேட்டுவிட்டு, அன்று சாயங்காலமே கார் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனீர்கள். நல்லதுக்குத்தான் செய்தீர்கள். நான் ஒன்றும் மனதில் வைக்கவில்லை. அன்றைக்கு நீங்கள் பச்சைக் கரை போட்ட வெள்ளைச் சேலை கட்டியிருந்தீர்கள்.

எப்சிக்கு நீங்கள் வெறும் ஆச்சி. நான் தூத்துக்குடி ஆச்சி. பெற்றவளைப் பெற்றவளுக்கு ஊர்ப்பெயர் சேர்த்தால்தான் அந்தப் பிள்ளைக்கு ஆள் அடையாளம் தெரிகிறது.

இந்தப் பிரசவம் என் வீட்டில்தான். இப்போதே சொல்லிவிட்டேன்.

அற்புதமணி

நாசரேத்
20-9-1974

அன்பு மதினி அவர்களுக்கு,

கடிதம் கண்டோம். கர்த்தர் உங்கள் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக.

இங்கேயும் வேலைதான். உங்கள் மாப்பிள்ளை சத்தியராஜ் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்ததும் வாளியும் மட்டையுமாக நிற்கிறான். வீடு முழுக்க வெள்ளை அடித்தாயிற்று. கிழக்கு அறைக்கு மட்டும் இளநீலம். முன்வாசலில் ரோஜா பதியன் வைத்து, பாத்தியைச் சுற்றிச் செங்கல் பதித்திருக்கிறான். நீல அறையை எப்சி "பாப்பா ரூம்" என்கிறாள். குழந்தை வாயில் வந்தது, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பூச்சு வேலை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் பக்கம் நல்ல மணல் கிடைப்பது கஷ்டம். ஏரலில் என் தம்பி ஜேசுபாதத்திடம் லாரி இருக்கிறது. ஆற்று மணல் ஒரு லோடு அனுப்பச் சொல்லட்டுமா?

என்றும் அன்புடன்,
ஞானதீபம்

தூத்துக்குடி
3-10-1974

பிரியமான மதினிக்கு,

மாப்பிள்ளை உங்கள் வீட்டுக்கு நீலம் அடித்தது சந்தோஷம். போன மாதம் இங்கே வந்தபோது என் கூரையை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. பிள்ளைக்குக் கழுத்துவலியோ என்னவோ.

மணல் வேண்டாம். நாளைக்கு அந்தச் சுவரைப் பார்த்து "எங்க மணல்" என்று ஒரு வார்த்தை வரும். அதை என் காது தாங்காது. எனக்குக் கடல் இருக்கிறது. மாட்டு வண்டியில் கடல் மணல் அடித்தேன். ராஜதுரை கொத்தனார், "வேண்டாம் ஆச்சி, செவரு அழுவும்" என்றான். "செவரு அழுவட்டும்லே, நான் அழுது முடிச்சாச்சு, நீ பூசு" என்றேன். சும்மா விடவில்லை, என் கிணற்றுத் தண்ணீரை இறைத்து இறைத்து அலசிக் காயப்போட்டுத்தான் கொடுத்தேன். இப்போது சுவர் முகம் பார்க்கிற மாதிரி இருக்கிறது.

கூரையில் உரசிய முருங்கைக் கொப்பை வெட்டி, வேலியோரம் போத்து நட்டிருக்கிறேன். பழைய மரத்தில் கீரைக்குக் குறைவில்லை. உங்கள் ரோஜா அழகுதான். பிள்ளை பெற்றவளுக்கு அதைப் பொரித்துப் போட முடியுமா, கேட்டுச் சொல்லுங்கள்.

அற்புதமணி

நாசரேத்
29-10-1974

அன்பு மதினி,

ஞாயிற்றுக்கிழமை உங்களைப் பார்த்துவிட்டு வந்த கிருபை சாப்பிடாமல் படுத்துவிட்டாள். துருவிக் கேட்டேன். கூரை ஒரு சொட்டு விடவில்லையாம். ஆனால் இரண்டு மழைக்கே நடு அறைச் சுவர் நாலும் நனைந்து, உப்புப் பூத்து, தொட்டால் உதிர்கிறதாம். நீங்கள் பழந்துணியை வைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தீர்களாம். "அம்மா என் முகத்தப் பாக்கவே இல்லத்தே" என்றாள்.

மதினி, உங்கள் கிணறே உப்புக் கிணறு. அந்தத் தண்ணீரில் அலசினால் கடல் மணலின் உப்பு எங்கே போகும்?

இங்கேயே வைத்துக்கொள்வோம் என்கிறான் சத்தியராஜ். எனக்கும் சரி என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் ஒன்று உங்களுக்குத் தெரியாது. எப்சி பிறந்த அன்று வலியில் "அம்மா, அம்மா" என்று கிருபை கூப்பிட்டாள். "இங்கதாம்மா இருக்கேன்" என்று குனிந்தேன். கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, "நீங்க இல்லத்தே, எங்கம்மா" என்றாள். மூன்று வருஷமாக அவளுக்குப் பரிமாறும்போதெல்லாம் அந்தச் சொல் என் கையைப் பிடிக்கிறது. உங்கள் மேல் எனக்கு வந்த பொறாமையைக் கர்த்தர் அறிவார். இன்னொரு தரம் அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

வெள்ளிக்கிழமை லாரி வரும். அதற்குள் அந்தப் பூச்சைக் கொத்திப் போடுங்கள். வேண்டாம் என்றாலும் வாசலில் கொட்டிவிட்டு வா என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். பூச்சு காய்ந்ததும் ஒரு வரி எழுதுங்கள், கிருபையை அனுப்புகிறேன்.

ஞானதீபம்

தூத்துக்குடி
12-12-1974

பிரியமான மதினிக்கு,

தந்தி கிடைத்திருக்கும். பேரன். தாயும் பிள்ளையும் சுகம். நல்ல நிறம், எங்கள் பக்கத்து மூக்கு. காது மட்டும் உங்களுடையது, பரவாயில்லை.

மாப்பிள்ளை முந்தாநாள் வந்தவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். வெளியே விடாமல் மழை, ஆனாலும் சுவர் பொட்டுக்கூட நனையவில்லை. ஏரல் மணல் நல்ல மணல்தான். சலிக்கும்போது கூழாங்கல் நிறைய கிடந்தது. எடுத்து வைத்திருக்கிறேன், நீங்கள் வரும்போது காட்ட.

நீங்கள் எழுதின சங்கதியைக் கிருபையிடம் நான் கேட்கவில்லை. அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதினால் அது உங்களுக்கு நல்லதல்ல.

இந்தத் தடவையும் வலியில் "அம்மா" என்றுதான் கூப்பிட்டாள். நான் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளை அழுதது. நர்ஸ் குளிப்பாட்டி மடியில் போட்டதும் என் மகள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "அத்தைக்குச் சொல்லியாச்சா?" எனக்குச் சுருக்கென்றது. உங்களுக்குத் தெரிய வேண்டாம் என்றுதான் இரண்டு நாளாக எழுதாமல் இருந்தேன். நேற்று கீரை ஆய்கையில் மனசு கேட்கவில்லை. நீங்கள் உங்களுடையதைச் சொன்னீர்கள், நான் என்னுடையதைச் சொல்லிவிட்டேன்.

எப்சியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஞானஸ்நானம் வரைக்கும் இருக்கலாம். நடு அறையில் இன்னொரு பாய் போட இடம் இருக்கிறது.

ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இவன் என் வீட்டில் கண் திறந்தவன். நாளைக்கு இவனுக்குப் பேச்சு வரும்போது, நீங்கள் நாசரேத் ஆச்சி.

இப்படிக்கு,
ஆச்சி