நாலு ரோட்டில் நாலு நம்பர் ஒயர்

3 ஜூன் 2025, செவ்வாய்

வீரமணி அண்ணன் எங்கள் கார் ஆடியோ, சீட் கவர் கடைக்கு வந்தார். சிறுவாச்சூருக்கும் ஏலாக்குறிச்சிக்கும் ஆள் ஏற்றிப்போக மூன்று வேன் வைத்திருப்பவர். ஒரு வேனுக்குப் பாட்டு அதிர பெரிய ஆம்ப்ளிஃபயர், சப்வூஃபர் போட வேண்டும். பிடித்தால் மற்ற இரண்டும் நமக்குத்தான். தலைகால் புரியவில்லை எனக்கு. அடுத்த நிமிடமே ஒரு நிபந்தனை போட்டார், ஒயரிங்கை வேல்முருகன்தான் செய்ய வேண்டுமாம்.

வேல்முருகன் என் வீட்டுக்காரர், சீட் கவர் தைக்கிறவர். எலக்ட்ரிகல் டிப்ளமோ படித்தவள் நான். மிக்ஸி பிளக் கழன்றால்கூட அவர் என்னைத்தான் கூப்பிடுவார்! இருவரும் தலையாட்டினோம். எப்படியும் நான்தான் செய்வேன். ஆனாலும் கோபம் ஆறவில்லை. இந்த வேலையாவது என் வேலை என்று யாராவது சொல்ல வேண்டும்.

4 ஜூன், புதன்

ஆம்ப் எண்ணூறு வாட். சத்தம் உச்சத்தில் எழுபது ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து வண்டியின் பின்பக்கம் வரை ஐந்து மீட்டர். ஆகவே நாலு கேஜ் ஒயர், எண்பது ஆம்பியர் ஃபியூஸ், அதுவும் பேட்டரிக்கு ஒரு முழத்துக்குள். திருச்சியிலிருந்து ஒயர் பார்சல் நாளை வருகிறது. வண்டி சனிக்கிழமை.

5 ஜூன், வியாழன்

அரியலூரில் என் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. அத்தை இல்லாமல் முடியுமா? மைக் செட் சத்தத்துக்கு நடுவே வீட்டுக்காரர் போன் செய்தார். வீரமணி அண்ணன் இன்றே வண்டியைக் கொண்டுவந்துவிட்டாராம். நாளை வெள்ளி, சிறுவாச்சூர் கோயிலில் நடை திறக்கும் நாள், இன்றே முடித்தாக வேண்டுமாம். எந்த ஒயர் என்று கேட்டார்.

"நாலு! ஃபியூஸ் எண்பது!" என்று கத்தினேன்.

மாலையில் பெரம்பலூர் திரும்பியபோது வேன் போய்விட்டிருந்தது. "சும்மா அதிருது செல்வி" என்றார் வீட்டுக்காரர். முகத்தில் அத்தனை பெருமை. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

6 ஜூன், வெள்ளி

பயம் இன்னும் போகவில்லை. சிரிப்பும் வருகிறது. முதலிலிருந்து எழுதுகிறேன்.

காலையில் கடையைக் கூட்டும்போது தரையில் ஒரு சிவப்பு ஒயர்த் துண்டு. பென்சிலில் பாதி தடிமன். திருச்சி பார்சலோ மேசைக்கு அடியில் பிரிக்காமல் கிடந்தது. வீட்டுக்காரர் பார்சல் விஷயம் தெரியாமல் எலக்ட்ரிகல் கடைக்குப் போய் "நாலு குடுங்க" என்று கேட்டிருக்கிறார். அங்கே நாலு என்றால் நாலு ஸ்கொயர், அதாவது நாலு சதுர மில்லிமீட்டர், மோட்டார் கொட்டகைக்குப் போடுவது. நாலு கேஜில் அதைப்போல ஐந்து மடங்கு செம்பு இருக்கும். பெரம்பலூர் நாலு ரோட்டில் கடை வைத்துக்கொண்டு வெறும் நாலு என்று சொல்லியிருக்கிறேனே, என்னை என்ன செய்வது?

வேன் ஆட்களோடு கிளம்பிவிட்டது. வீரமணி அண்ணன் போனை எடுக்கவில்லை. ஸ்கூட்டியில் சிறுவாச்சூருக்குப் பறந்தேன். சூடாகி உருகினால்? ஒயர் சீட்டுக்கு அடியில்தானே போகிறது — எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்களோ. வழியெல்லாம் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன்.

நல்லவேளை, எல்லோரும் இறங்கிக் கோயிலுக்குள் போயிருந்தார்கள். பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. முதல் வேலையாக ஃபியூஸைப் பிடுங்கினேன். பாட்டு நின்றதும் வீரமணி அண்ணன் டீக்கடையிலிருந்து ஓடி வந்தார். வரும் வழியெல்லாம் மேளம் வரும்போது பாட்டு கட்டாகிறது, ஆம்ப்தான் மட்டம் என்று சத்தம் போட்டார். ஆம்ப் இல்லை, ஒயர்தான் மெலிசு என்றேன். "ஃபியூஸ் போவலியேம்மா, ஒயருக்கு என்ன?"

தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட்டவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"ஃபியூஸ் ஆம்பைக் காப்பாத்த இல்லீங்கண்ணே, ஒயரக் காப்பாத்த. இது முப்பது ஆம்பியருக்கே திணறும். எம்பது ஃபியூஸ் போறதுக்குள்ள ஒயரு எரிஞ்சிடும்."

யார் செய்த தப்பு என்று கேட்டார். வீட்டுக்காரர் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் ஒயரிங் என் வேலையாகிவிடும், நான் ஜெயித்துவிடுவேன்.

"நாந்தாண்ணே. கேஜுன்னு சொல்லாம நாலுன்னு மட்டும் சொல்லிட்டேன்."

அவர் டீக்கடைப் பக்கம் திரும்பி நடந்தார். போச்சு, மூன்று வேனும் போச்சு.

7 ஜூன், சனி

வீரமணி அண்ணன் ஒயர் மாற்ற வண்டியைக் கடையில் விட்டுவிட்டுப் போனார். நானே படுத்து, பழைய ஒயரை உருவிவிட்டு, சுண்டுவிரல் தடிமன் ஒயரை இழுத்தேன். வீட்டுக்காரர் டார்ச் பிடித்தார், திட்டு வாங்கத் தயாரான முகத்தோடு. திட்டவில்லை. திட்டினால் பாதி எனக்கும் சேரும்.

ஒரு மணி நேரம் முழுச் சத்தத்தில் ஓடவிட்டுத் தொட்டேன். ஒயர் ஜில்லென்று இருந்தது! எதிர்க்கடை பூமாலை அக்கா, ஷெல்ஃபில் டம்ளரெல்லாம் ஆடுகிறது என்று சண்டைக்கு வந்தார். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

9 ஜூன், திங்கள்

இன்றும் சிறுவாச்சூர் ட்ரிப். போன் வரவில்லை. வராதது நல்லதா, கெட்டதா?

10 ஜூன், செவ்வாய்

காலையில் இரண்டாவது வேன் கடை வாசலில் வந்து நின்றது. வீரமணி அண்ணன் இறங்கினார். வீட்டுக்காரர் அவசரமாக டூல் பெட்டியைத் தூக்கினார்.

"நீ உக்காரு தம்பி. அவங்க வரட்டும்."

பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாகக் கேட்டார்: "நாலு கேஜுதானே?"