இணைச்சீருக்கு நான்தான் நின்றேன்

என் அன்பு மாமா,

நேற்று கொடுமுடியில் என் தம்பி செந்திலுக்குக் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. இணைச்சீர் செய்தது யார் தெரியுமா? உங்கள் பெண்டாட்டிதான்.

மாப்பிள்ளையோடு கூடப்பிறந்தவள் கூறைச்சேலையின் ஒரு தலைப்பைப் பிடித்துப் பக்கத்தில் நிற்பது நம் பக்கத்து முறை. செந்திலுக்கு நான் ஒருத்திதான் அக்கா. ஆனால் நீங்கள் போய்ப் பதினோரு மாதம் ஆகிவிட்டதே. "தாலியில்லாதவ சீருக்கு நிக்கறது நல்லதில்லீங்க" என்று பெரியம்மா சொல்லிவிட்டார். சித்தப்பா மகள் கவிதா நிற்பதாக முடிவானது.

செந்தில் சண்டைக்குப் போனான். நான்தான் அடக்கினேன். நல்ல காரியம் என்றாலே கடைசி வரிசையில் உட்காரப் பழகியிருந்தேன். இப்போது நினைத்தால் என் மேலேயே கோபம் வருகிறது.

முகூர்த்தத்துக்கு முன்னால், சீரை நடத்திவைக்கும் அருமைக்காரர் கவிதாவைக் கூப்பிட்டார். பட்டுக் கட்டித் தயாராக நின்றவள், "கால் வலி உசுரு போகுதுங்க" என்று பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். பெரியம்மா அவள் தங்கையைக் கூப்பிட்டார். அவளுக்குத் தலை சுற்றியதாம். இன்னொருத்தி தூங்கின குழந்தையைக் கிள்ளி அழவைத்து, தூக்கிக்கொண்டு வெளியே போனாள். கடைசியில் பெரியம்மா தன் சொந்த மகளைப் பார்த்தார்.

"எனக்குங் கால் வலிதானுங்கம்மா" என்றாள் அவள், சிரிக்காமல்.

முதல் நாளே பேசிவைத்திருக்கிறார்கள் மாமா, என்னிடம் மட்டும் மூச்சு விடவில்லை. கள்ளிகள்!

அருமைக்காரர் பொறுமையிழந்தார். "நேரம் போகுதுங்க. கூடப்பொறந்தவளை உக்கார வெச்சுப்போட்டு வேற யாரைத் தேடறீங்க? நீ வா அம்மணி."

மண்டபமே என்னைப் பார்த்தது. பார்க்கட்டும் என்று போனேன். சேலைத் தலைப்பைப் பிடித்தபோது தலை குனியவில்லை. பெரியம்மா வேண்டாவெறுப்பாகத்தான் அட்சதை போட்டார், ஆனாலும் போட்டார்.

இனி எனக்கென்று யார் இருக்கிறார்கள் என்று உங்கள் படத்தின் முன் எத்தனை நாள் அழுதிருப்பேன்? இத்தனை பேர் இருந்திருக்கிறார்கள். நீங்கள் இருந்திருந்தால் விசில் அடித்திருப்பீர்களா, கண் கலங்கியிருப்பீர்களா?

நாளைக்கு நம் மகளுக்குக் கல்யாணம் வரும். தாரை வார்த்துக் கொடுக்க ஜோடியாக யாரையாவது தேடுவார்கள். தேடட்டும். அவள் கையைப் பிடித்துக் கொடுப்பது நான்தான். உங்கள் மேல் சத்தியம்.

செந்திலின் அக்கா,
என்றும் உங்கள் பெண்டாட்டி
சரசு