வடக்குக் கேட்

20 ஆகஸ்ட் 1994

அன்புத் தங்கச்சி வெர்னாவுக்கு,

ஏவிஸ் எழுதுவது. உயிரோடுதான் இருக்கிறேன், இடுப்புதான் இல்லை. மழை இந்த வருஷமும் ஏமாற்றிவிட்டது. கோதுமை முழங்காலைத் தொடவில்லை. ஆனால் சரளைப் பாதை ஓரமெல்லாம் தரையில் மாலையை வட்டமாக வைத்ததுபோல் வளையப்பூ. நம் பாறைக்குக் கீழே, தொட்டால் சரசரக்கும் காட்டுக் காகிதப்பூ வெள்ளையாக விரிந்து கிடக்கிறது. அதற்கு மட்டும் வறட்சி தெரியவில்லை போல.

பூவையும் பாறையையும் பார்க்க எங்கெங்கிருந்தோ வண்டிகள் வருகின்றன. எல்லோருக்கும் டீயும் பன்னும் கொடுக்கிறேன். வாசலில் பலகை எழுதி வைத்திருக்கிறேன்: "கேட் திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுச் செல்லவும்." பட்டணத்து ஆட்கள் நல்ல பிள்ளைகளாகக் கேட்டு நடக்கிறார்கள்.

சுற்றி வளைக்கவில்லை. ஆடு, பயிர், வருகிறவர்கள் என்று எல்லாம் சேர்ந்து என் ஒருத்தியால் முடியவில்லை. அப்பா இந்தப் பண்ணையை நம் இருவருக்கும்தானே விட்டுப் போனார்? நீ திரும்பி வந்தால் நடத்தலாம். இல்லையென்றால் கிறிஸ்துமஸுக்குள் விற்றுவிடுவேன். ஒரு நடை வந்து பார்த்துவிட்டுச் சொல்.

உன் அக்கா
ஏவிஸ்


பெர்த்
26 செப்டம்பர் 1994

அன்புள்ள அக்கா,

நேற்று சாயங்காலம் பத்திரமாக வந்து சேர்ந்தேன். காரெல்லாம் செம்மண். உன் பன் வழக்கம்போல் கல். அதைத் தின்றுவிட்டு, பாறையடியில் கேரவன் வண்டியில் மனைவியோடு தங்கியிருக்கிற தாத்தா, "இன்னொண்ணு குடும்மா" என்று கேட்டாரே, அவருக்குச் சிலை வைக்கலாம்!

சனிக்கிழமை பாறை மேலே உட்கார்ந்து நெடுநேரம் யோசித்தேன். என்னால் முடியாது அக்கா. நான் கிளம்பி வந்து பன்னிரண்டு வருஷமாகிறது. இங்கே வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது. அது இனி உன் இடம், நான் வெறும் விருந்தாளி. விற்பதென்றால் விற்றுவிடு. கோபித்துக்கொள்ளாதே.

சொல்ல மறந்துவிட்டேன். நேற்று காலையில் கிளம்பும்போது வடக்குக் கேட் ஆவென்று திறந்து கிடந்தது. உன் ஆட்கள் பலகையைக் கேட்கிற லட்சணம் அதுதானா? அப்பா இருந்திருந்தால் தோலை உரித்திருப்பார். நானே இறங்கி மூடி, அவர் சொல்லிக்கொடுத்த மாதிரி சங்கிலியை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தேன். இடுப்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்
வெர்னா


30 செப்டம்பர் 1994

வெர்னா,

உன் கடிதம் இன்னும் வரவில்லை. அதற்குள் எழுதும்படி ஆகிவிட்டது.

நீ போன அன்றே இடுப்பு பிடித்துக்கொண்டது. படுத்தவள் எழுந்திருக்கவில்லை. வெளியே அப்படியொரு வெயில். நேற்று பக்கத்துப் பண்ணை கிளெம் ஓடி வந்தான். "ஏவிஸக்கா, வடக்கு வேலியோரமா ஆடு செத்துக் கெடக்குது. எவனோ கேட்டச் சாத்திட்டுப் போயிட்டான்!"

போன மாதமே அங்கே தண்ணீர் இறைக்கிற காற்றாடி உடைந்துவிட்டது. தொட்டி காய்ந்து கிடந்தது. ஆடுகள் பாறையடிக் குட்டைக்குப் போய்க் குடிக்கட்டும் என்றுதான் கேட்டைத் திறந்து வைத்திருந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. வந்திருப்பதே இரண்டு நாள், அதிலும் புலம்ப வேண்டாம் என்று பார்த்தேன். பதினோரு தாயாடுகள் போய்விட்டன. குட்டிகள் பக்கத்திலேயே நின்று கத்துகின்றன.

இடுப்பைப் பிடித்துக்கொண்டே நேராக கேரவனுக்குப் போனேன்.

"கேட்ட மூடுனது நீங்கதானே?"

"நாங்க தொடவே இல்லம்மா."

"பொய் சொல்லாதீங்க! இப்பவே கெளம்புங்க!"

அந்தப் பாட்டியம்மா அழுதுகொண்டே போனார். பலகையைப் பிடுங்கி எறிந்துவிட்டேன். இனி ஒருவரும் உள்ளே வரக்கூடாது. அக்டோபர் கடைசியில் வரச்சொல்லி நிலத் தரகரிடமும் சொல்லியாயிற்று.

ஏவிஸ்


16 அக்டோபர் 1994

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. என்னுடையதும் உனக்குக் கிடைத்திருக்கும். அதனால்தான் பதிலும் இல்லை, போனையும் எடுக்கமாட்டேன் என்கிறாய்.

எரிந்து விழத்தான் பேனாவை எடுத்தேன். அவ்வளவு பெரிய பலகை கண்ணில் படவில்லையா என்று கேட்கத்தான். ஆனால் பட்டிருக்கிறது. அது வருகிறவர்களுக்கு, உனக்கில்லை என்று நினைத்துவிட்டாய். வெளியாள் யாராக இருந்தாலும் கேட்டை இருந்தபடியே விட்டுப் போயிருப்பாள். நீ நம்ம கேட் என்று இறங்கி மூடினாய். விருந்தாளியாம், விருந்தாளி!

ஆடுகளைப் புதைத்தாயிற்று. நாலு குட்டிகள் புட்டிப் பால் குடிக்கின்றன. கேரவன்காரர்களை ஜெரால்டன் பட்டணம் வரை தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். தாத்தா, "பன்னு கொண்டாந்தியாம்மா?" என்றார். அங்கேயே அழுதுவிட்டேன்.

உன்மேல் கோபமில்லை. கோபப்படத் தெம்பும் இல்லை. ரொம்பக் களைத்துப்போய்விட்டேன், வெர்னா. தரகரை வரவேண்டாம் என்று இன்னும் சொல்லவில்லை.

கிளெம் காற்றாடியைச் சரிசெய்துவிட்டான். தொட்டி நிறைந்திருக்கிறது. இனி வடக்குக் கேட் மூடியிருக்கவேண்டியதுதான். ஆனால் நான் மூடவில்லை. தரகர் வருவதற்குள் நீ வந்து மூடு. வரவில்லையென்றால் அவர் வண்டி அந்த வழியாகவே உள்ளே வரட்டும்.

அக்கா
ஏவிஸ்