பத்தாவது ஆள்

ஜூன் 2, செவ்வாய்

காஸ் மாற்றினேன். போன சிலிண்டர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் தீர்ந்துவிட்டது. இவர் வெந்நீர்க் குளியலைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று கணக்கு நோட்டில் எழுதி, கண்ணில் படும்படி திறந்து வைத்தேன். படித்துவிட்டு, அதன் அடியில் ‘மேலிடத்தின் பார்வைக்கு’ என்று எழுதி வைத்துவிட்டு பஸ் பணிமனைக்குப் போய்விட்டார். நாள் முழுக்க எஞ்சினோடு மல்லுக்கட்டுகிற மனுஷனுக்கு வாய் மட்டும் ஓய்வதில்லை.

காலையில் போதகர் வந்தார். இந்த மாதம் மாதர் கூட்டத்தில் பாடம் நான்தான் எடுக்க வேண்டுமாம். தலைப்பு: நம் விசுவாசம் எங்கிருந்து வந்தது. “எட்டாவதோட நின்னவ ஐயா நான்” என்றேன். “நின்னவங்கதாம்மா படிச்சிக்கிட்டே இருக்காங்க” என்றார். மறுக்கத் தெரியவில்லை. உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது. (அதையும் எழுதி வைக்கிறேன். கணக்கு என்றால் எல்லாம்தான்.)

ஜூன் 3, புதன்

பாடத்தை ஆண்டவர் பிறந்த மாட்டுத்தொழுவத்தில் ஆரம்பித்தேன். சரியாக வரவில்லை. பிள்ளை பிறப்பதற்கு முன் அந்தக் குடும்பம் எங்கிருந்தது? பின்னால் போனேன் – தாவீது, மோசே, ஆபிரகாம். போகப் போக ஒன்று உறுத்தியது. நம் வேதத்தில் முக்கால்வாசி இன்னொரு வீட்டாரின் கதை. அந்த வீட்டுக்காரர்களை நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இத்தனைக்கும் அவர்கள் என் தலைக்கு மேலேயே குடியிருக்கிறார்கள். மருந்துக்கடை அக்கா யூதர். தெருமுனைக் கடையும், படுக்கையில் விழுந்துவிட்ட அண்ணனும்தான் அவர் உலகம். ஒரே கொடியில் துணி காயப்போடுகிறோம். இரண்டு வருஷத்துக்கு முன் எனக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தபோது, கடையைச் சாத்திவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவர். மருந்து விலை தெரியும், அண்ணனின் இருமல் தெரியும். எதை நம்புகிறார் என்று தெரியாது.

ஜூன் 5, வெள்ளி

மாலையில் மேலே போனேன். அடுப்பில் மூன்று பாத்திரம், அக்கா கையில் கரண்டி, நெற்றியில் வேர்வை.

“சூரியன் இறங்கறதுக்குள்ள முடிக்கணும். அதுக்கப்புறம் அடுப்பு பத்த வைக்க மாட்டேன். கேக்க வந்ததைச் சீக்கிரம் கேளு.”

“ஆபிரகாம்லேருந்து...”

“அடடா! சீக்கிரம்னா ஆபிரகாமா?”

உள்ளறையிலிருந்து அண்ணன் சிரித்தார். ரொட்டிக்கடை நடத்தியவர், குரல் இன்னும் கடைக் குரல். “அவளை விடும்மா, இங்க வா. நான் எங்கயும் ஓடிட மாட்டேன்.”

கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் சொன்னது: கடவுள் ஒருவரே, உருவம் கிடையாது, அவர் பெயரை வாயால் சொல்வதும் கிடையாது. அவர் ஒரு மனிதரைக் கூப்பிட்டார். வீட்டை விட்டுக் கிளம்பு என்றார், எங்கே என்று சொல்லவில்லை. அந்த மனிதர் கிளம்பினார். அதிலிருந்து உடன்படிக்கை. அவர் வம்சத்துப் பிள்ளைகள் அடிமைகளானார்கள். கடவுள் அவர்களை விடுவித்தார். கட்டளைகள் அதற்குப் பிறகு. “வரிசையைப் பாத்தியா? முதல்ல விடுதலை, அப்புறம்தான் சட்டம். ஒழுங்கா இருந்தா விடுவிக்கிறேன்னு பேரம் பேசல.”

இதைத்தானே நாங்கள் கிருபை என்கிறோம்! சொன்னேன். “வார்த்தை உங்களோடது, சரக்கு எங்களோடது” என்றார்.

ஏழாம் நாள் ஓய்வு வேலைக்காரருக்கும் உண்டு, மாட்டுக்கும் உண்டு என்றார். “எங்க வீட்ல மாட்டுக்கு மட்டும்தான் கிடைக்கும் போல” என்று சமையலறையிலிருந்து அக்கா. பிறகு பேச்சு நின்றது. விளக்கேற்றினார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கினேன்.

ஜூன் 9, செவ்வாய்

மேசியா – வரவேண்டிய மீட்பர் – பற்றிக் கேட்டேன். கொஞ்சம் பயந்துகொண்டுதான்.

“வந்துட்டாருன்னு நீங்க சொல்றீங்க” என்றார் அக்கா. “வந்திருந்தா உலகம் இப்படியா இருக்கும்? நாங்க இன்னும் வாசலைப் பாத்துட்டுதான் இருக்கோம்.”

“நாங்களும்தான் அக்கா. திரும்பி வருவார்னு.”

“அப்போ வாசல் ஒண்ணுதான். வர்றவர் யாருங்கறதுலதான் தகராறு.”

சின்னத் தகராறு இல்லை. ஆண்டவர் சிலுவையில் எனக்காக மரித்தார், மூன்றாம் நாள் எழுந்தார் என்பதில்தான் என் மூச்சே இருக்கிறது. அதையும் சொன்னேன். அக்கா தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். ஒத்துக்கொண்ட தலையசைப்பு இல்லை, மரியாதை.

பாவம் பற்றி: குழந்தை பாவத்தோடு பிறக்கிறது என்பதை அவர்கள் ஏற்பதில்லை. தப்பு செய்தால் மனம் திரும்பி அதைச் சரிசெய்ய வேண்டும். இன்னொருவருக்குச் செய்த தப்பை அந்த ஆளிடமே போய்க் கேட்க வேண்டுமாம். அதுவரை கடவுளிடம் மன்றாடி முடித்துவிட முடியாது.

அண்ணன் யோபுவின் கதைக்குப் போனார். பிள்ளைகளையெல்லாம் இழந்த யோபுவின் துக்கத்துக்கு நண்பர்கள் வந்தார்கள், ஏழு நாள் தரையில் பேசாமல் உட்கார்ந்தார்கள். “அதுவரைக்கும் தங்கமானவங்க. அப்புறம் வாயைத் திறந்தாங்க பாரு!” அதனால்தான் இவர்கள் துக்க வீட்டில், துக்கத்தில் இருப்பவர் பேசும்வரை வந்தவர் பேசுவதில்லையாம்.

அக்காவைக் கூட்டத்துக்கே கூப்பிட்டேன். நான் சொல்வதைவிட நீங்கள் சொன்னால் பெண்கள் கேட்பார்கள் என்றேன். “என்னைத் தின்னுட மாட்டாங்களே?” “டீயும் பிஸ்கட்டும்தான் அக்கா.” வருவதாகச் சொன்னார்.

ஜூன் 11, வியாழன்

எப்படி எழுதுவது.

பாடம் நன்றாகத்தான் போனது. அக்கா பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பாடம் முடிந்ததும் அறிமுகப்படுத்தலாம், முதலிலேயே சொன்னால் எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். புத்திசாலித்தனம்!

கடைசியில் ஜெப அத்தை எழுந்தார். யார் எப்போது எதைச் சொல்லி வைத்தாலும் மறக்காமல் ஜெபிப்பவர். சபையே அவரிடம்தான் பாரத்தை இறக்கி வைக்கும். கண்ணை மூடினார். ஒருத்தியின் மகனுக்கு வேலை, ஒருத்தியின் கர்ப்பம், ஒருத்தியின் மாமியார். பிறகு –

“ஆண்டவரே, பாடம் எடுத்த இந்தச் சகோதரி உம்மிடம் கேட்டுக்கொண்டபடியே, அவங்க வீட்டுக்கு மேல குடியிருக்கிற மருந்துக்கடை அம்மாவோட குருட்டுக் கண்களைத் திறந்தருளும்...”

நான்தான் சொல்லியிருந்தேன். அந்தக் காய்ச்சல் முடிந்த வாரம். இவ்வளவு நல்லவர் நித்தியத்துக்கும் வெளியே நின்றுவிடக் கூடாதே என்று அழுதபடி சொன்னது. அத்தை அன்றிலிருந்து ஒரு வாரம்கூட விடவில்லை.

எல்லோரும் ஆமென் சொன்னார்கள். பழக்கத்தில் என் வாயும் சொல்லிவிட்டது.

அக்கா எழுந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, புடவை முனையால் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். “போன மாசம்தான் பவர் மாத்தினேன். நல்லாத் தெரியுது” என்றார். போய்விட்டார். அத்தை என்னைப் பார்த்து, “யாரு இவங்க, புதுசா?” என்றார்.

ஜூன் 12, வெள்ளி

மேலே காலடிச் சத்தம் கேட்கிறது. போகவில்லை.

ஜூன் 14, ஞாயிறு

ஆராதனையில் மன்னிப்புக் கேட்டேன். அழுதேன். வழக்கமாக அதற்குப் பிறகு மனசு லேசாகிவிடும். இன்று ஆகவில்லை. செவ்வாய்க்கிழமை அக்கா சொன்னதே காதில் நிற்கிறது – அந்த ஆளிடமே போய்க் கேட்க வேண்டும். நம் ஆண்டவரும் அதைத்தானே சொன்னார், காணிக்கையைப் பீடத்திலேயே விட்டுவிட்டு முதலில் போய்ச் சமாதானமாகு என்று? எத்தனை தடவை படித்திருக்கிறேன்! படித்தேன், தாண்டினேன்.

மேலே ஏறினேன். கதவைத் திறந்தார். உள்ளே கூப்பிடவில்லை.

“மன்னிச்சிடுங்க அக்கா.”

“எதுக்கு? ஜெபம் பண்ணினதுக்கா? எனக்குக் கேட்டுடுச்சேங்கறதுக்கா?”

இரண்டில் எது என்று எனக்கே தெரியவில்லை.

“தெரிஞ்சா வந்து சொல்லு” என்றார். கதவை மெதுவாகத்தான் சாத்தினார். அறைந்து சாத்தியிருந்தால் தேவலை.

ஜூன் 16, செவ்வாய்

இவருக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை வாங்கப் போனேன். அக்கா சீட்டைப் பார்த்தார், மாத்திரை தந்தார், “அடுத்தவங்க” என்றார். எனக்குப் பின்னால் யாருமே இல்லை.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கிண்டல் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. “நம்ம வீட்டுக்கு ஒருத்தர் வந்து, உன் சமையல் நல்லா ஆகணும்னு எனக்காக வேண்டிக்கிட்டா உனக்கு எப்படி இருக்கும்?” என்றார். “என் சமையலுக்கென்ன குறை?” என்று பாய்ந்தேன். “அதான்” என்றார்.

ஜூன் 18, வியாழன்

இரண்டாம் பாடம். ஆண்டவர் யூதராய்ப் பிறந்து, ஓய்வுநாளில் ஜெப ஆலயத்துக்குப் போய் வளர்ந்தவர். தாயும் அப்படியே, சீஷர்களும் அப்படியே. முதலில் இருந்தவர்களுக்கு ‘கிறிஸ்தவர்’ என்ற பெயர்கூடக் கிடையாது. வெளியாட்கள் சேர வந்தபோது பெரிய வாக்குவாதம் – இவர்களும் விருத்தசேதனம், அதாவது சுன்னத்து, செய்ய வேண்டுமா, எதைச் சாப்பிடலாம்? அவ்வளவு பாரம் வேண்டாம் என்று அந்த யூதர்களே முடிவு செய்தார்கள். அதனால்தான் நாம் உள்ளே வந்தோம். பிறகு ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை இடித்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக வழி இரண்டாகப் பிரிந்தது.

“கதவைத் திறந்துவிட்டவங்களை நாம குருடங்கன்னு சொல்றோம்” என்றேன். என் குரல் உடைந்துவிட்டது. அத்தைக்கு மட்டும் ஏதோ புரிந்துவிட்டது போலிருக்கிறது. இன்று கண்ணைத் திறந்துகொண்டே ஜெபித்தார்.

ஜூன் 22, திங்கள்

நேற்று அண்ணன் இறந்துவிட்டார். இன்றே அடக்கம். தூரத்தில் நின்றேன்.

ஜூன் 23, செவ்வாய்

கதவு தாழிடாமல் இருந்தது. முகம் பார்க்கும் கண்ணாடியைத் துணியால் மூடியிருந்தார்கள், அவர்கள் துக்க வழக்கம் போல. அக்கா தாழ்வான முக்காலியில் உட்கார்ந்திருந்தார், துக்கத்துக்காக ரவிக்கையின் கழுத்தோரத்தைக் கிழித்திருந்தார்.

துக்க வீட்டில் நுழைந்ததும் கையைப் பிடித்து ஜெபிப்பவள் நான். அது என் வரம் என்று எல்லோரும் சொல்வார்கள். இன்று வாயை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். ‘அவர் நல்ல இடத்தில் இருக்கிறார்’ என்று தொண்டைவரை வந்தது. விழுங்கினேன். வெறுங்கையோடு போனதுபோல் இருந்தது. அக்கா பேசவில்லை. நேரம் கழித்து எழுந்து வந்தேன்.

ஜூன் 24, புதன்

இன்றும் போனேன். சாயங்காலம். அவர்கள் சபை ஆட்கள் வந்திருந்தார்கள். பிரார்த்தனை ஆரம்பிக்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று அக்கா என்னிடம் பேசினார், அடக்கத்துக்குப் பின் முதல் வார்த்தை.

“ஒரு ஆள் குறையுது.”

“என்ன அக்கா?”

“எங்க ஆளுங்க பத்துப் பேர் இல்லாம அண்ணனுக்காகச் சொல்ல வேண்டிய ஜெபத்தைச் சொல்ல முடியாது. என்னையும் சேர்த்து ஒன்பது.”

“நான்...” என்று ஆரம்பித்துவிட்டேன்.

“உன்னை எண்ண முடியாதும்மா.” கோபமில்லை. உள்ளதைச் சொன்னார். எனக்கும் வலிக்கவில்லை, விசித்திரம்தான்.

அப்போதுதான் கடிகாரக் கடைக்காரர் நினைவுக்கு வந்தார். நான்காவது தெருவில். அவரும் யூதர்தான், சபைப் பக்கமே போகாதவர். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினேன்.

கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். “ஏம்மா, நான் ஸ்பிரிங்கை மட்டும்தான் நம்பறவன். என்னைப் போய்...”

“நம்பச் சொல்லல ஐயா. எண்ணிக்கைக்குக் கூப்பிடறாங்க.”

“நீங்க சிலுவைக்காரங்கதானே? உங்களுக்கு என்ன வந்துது?”

“அந்த அக்கா வாசலையே பாத்துட்டிருக்காங்க.”

ஷட்டரை இழுத்து விட்டார்.

அவர் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். நான் சமையலறை வாசலில் நின்றேன். அக்கா சொன்னார், மற்றவர்கள் இடையிடையே ஆமென் என்றார்கள். ஆமென் – அது மட்டும் எனக்குப் புரிந்தது. ஸ்பிரிங்கை மட்டும் நம்புகிறவர்தான் எல்லோரையும்விட உரக்கச் சொன்னார்.

படியிறங்கும்போது அவரிடம் கேட்டேன், அதில் என்ன சொல்கிறார்கள் என்று. “செத்தவரைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. கடவுளோட பெயர் பெரிதாகட்டும், பரிசுத்தமாகட்டும், அவர் ஆட்சி சீக்கிரம் வரட்டும். சுத்திச் சுத்தி இதுதான்.”

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பேச்சு வந்த நாளிலிருந்து நான் சொல்லும் ஜெபம் இப்படித்தானே ஆரம்பிக்கிறது. பரமண்டலங்களிலிருக்கிற பிதாவே என்றதும் அடுத்தது, உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக, உம்முடைய ராஜ்யம் வருவதாக – இதுதானே! அதை எங்களுக்குக் கற்றுக்கொடுத்த ஆண்டவரும், தம் ஊர் ஜெப ஆலயத்தில் இதுபோல ஏதாவது கேட்டு வளர்ந்திருப்பாரோ? எனக்குத் தெரியாது. யாரைக் கேட்பது? கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்கிறவர் போய்விட்டார். அப்போதுதான் அழுகை வந்தது.

ஜூன் 26, வெள்ளி

சூரியன் இறங்குமுன் மேலே போனேன். பதிலோடு.

“அன்னைக்குக் கேட்டீங்களே, எதுக்கு மன்னிப்புன்னு. ஜெபம் பண்ணினதுக்கு இல்லக்கா, உங்களுக்குக் கேட்டதுக்கும் இல்ல. உங்களை ஒரு வார்த்தை கேக்காம, உங்களுக்கு என்ன குறைன்னு நானே முடிவு பண்ணினேனே. அதுக்கு.”

“இன்னும் நீ அதையேதான் நினைக்கிற. என் கண்ணு திறக்கணும்னு.”

பொய் சொல்ல முடியவில்லை. “என் விசுவாசம் மாறலக்கா. ஆனா யாரு உள்ளே, யாரு வெளியேன்னு எழுதற வேலை என்னோடது இல்ல. அந்தக் கணக்கை ஆண்டவர்கிட்டயே குடுத்துட்டேன்.”

“நீயா? கணக்கைக் குடுத்துட்டியா?” – சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியில் அழுகையானது. பக்கத்தில் உட்கார்ந்தேன். எழும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகினார். தாழ்ந்த முக்காலி பதம் பார்த்துவிட்டது.

“இதுக்கு வேணும்னா ஜெபம் பண்ணச் சொல்லு, உங்க அத்தையை” என்றார். “கேட்டுக்கிட்டேன்னே சொல்லு.”

ஜூலை 2, வியாழன்

தீப்பெட்டி, உப்பு, சோப்பு வாங்கினேன். காஸ் இந்தத் தடவை இன்னும் தீரவில்லை. இவர் பச்சைத்தண்ணீருக்கு மாறிவிட்டார் – மேலிடத்து உத்தரவாம்.

கூட்டத்துக்கு அக்கா வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை. முடியும் நேரத்தில் ஜெப அத்தை என்னைத் தனியாக அழைத்துத் தாழ்ந்த குரலில் கேட்டார். “அந்த மருந்துக்கடை அம்மா விஷயம்... இன்னும் வைக்கவா, வேண்டாமா?”

“வைங்க அத்தை. கண்ணு இல்ல, முழங்கால். இடது பக்கம்.”

“முழங்காலா?”

“அவங்களே கேட்டது.”

அத்தை கண்ணை மூடிக்கொண்டார்.