அம்மாவின் முழங்கை உயரம்

அப்பா,

அம்மாவை அளக்க வேண்டும். இதைக் கேட்கவே கூடாது என்று சொன்னீர்கள். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை.

அடுப்பு மேடை சமைப்பவரின் முழங்கைக்கு அரைச்சாண் கீழே இருக்க வேண்டும். கோட்டைக் கந்தோரில் வேலை பார்த்து, துரைமாரின் வீடுகளுக்குக் குசினிப் படம் வரைந்து கொடுக்கிற எனக்கு இது தெரியும். எங்கள் புது வீட்டுக்குப் படம் கீற நீங்கள் பிடித்த ஆளும் நியாயமாகத்தான், "வீட்டுக்காரி எத்தனை அடி?" என்று கேட்டார். "பொம்பிளையளை அளக்கிறதோ? என்ரை அளவைப் போடும் ஐசே!" என்றீர்கள். தேத்தண்ணிகூட ஊற்றாத ஆறடி ஆளுக்கு அளவான மேடை! குளியல் தொட்டியும் உங்கள் நீளம்தான். நீங்களோ கிணற்றடியில் குளிக்கிறீர்கள். தொட்டியில் தேங்காய் கிடக்கிறது.

புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று, பொங்கியதும் நல்ல சகுனம் என்று எல்லாரும் கை தட்டினீர்கள். மேடை உயரத்தில் அம்மாவுக்குப் பானைக்குள் தெரியவில்லை. பால் அவவின் கையில் கொட்டியது. "பி.ஏ. படிச்ச பிள்ளைக்குக் குசினிக் கதை என்னத்துக்கு?" என்று நேற்றும் கேட்டீர்கள். கை வெந்தவ வாய் திறக்கமாட்டா. அதுதான் நான் கதைக்கிறேன்.

சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் மேடையில் மூடி வைத்திருக்கிறேன். உங்களுக்கு எட்டும்.

அம்மா நாலடி பத்தங்குலம், முழங்கை மூன்றடி. விடிய நானே அளந்தேன். இரண்டு மணிக்கு மேசன் மேடையை உடைக்க வருவார். கதவைத் திறந்துவிடுங்கள்.

யோகாம்பிகை

பி.கு: அம்மாவையும் கூட்டிக்கொண்டு தெஹிவளைக்குச் சின்னம்மா வீட்டுக்குப் போகிறேன். "கொப்பர் சாப்பிடுவாரோ?" என்று அம்மா உங்களை நினைத்து வாசலில் நின்று கேட்கிறா. செருப்பைப் போடச் சொல்லிவிட்டேன். புது மேடை காயும்வரை வரமாட்டோம். ஸ்டேஷனுக்கு நடக்கிறோம்.