உறைகால மந்திரமும் ஏழாம் விதியும்

பிப்ரவரி 9

அன்புள்ள அவசரக்குடுக்கைக்கு,

அன்று நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம். நம் ஆட்டத்துக்கு எழுதிவைத்த விதி நோட்டை நான் உரக்கப் படித்து முடித்ததும், "இந்த ஏழாம் விதி எனக்காகவா?" என்று நீ கேட்டாய். "ஆமாம், உனக்காகத்தான்" என்று நான் சொல்லவில்லை. "எல்லாருக்கும் பொதுவான விதி" என்றேன். மேசையைச் சுற்றி நாம் நான்கு பேர்: கதையை நடத்தும் நான், அதில் ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் நீ, பல் டாக்டர், அவர் வீட்டம்மா. காலத்தை நிறுத்தும் உறைகால மந்திரம் தெரிந்தது நீ ஆடும் மந்திரவாதிக்கு மட்டும்தான்.

நீ வராமல் ஐந்து ஞாயிறு போய்விட்டது. போனில் பேச எனக்கு வராது, உனக்கே தெரியும். அதனால் இந்தக் கடிதம்.

பல் டாக்டர் தன் கிளினிக்கின் முன்னறையை இன்னும் ஞாயிறுதோறும் நமக்காகத் திறந்துவைக்கிறார். நாம் மலைகளாக வைத்து ஆடும் பிளாஸ்டர் பல் அச்சுகளை அவர் வீட்டம்மா துடைத்து அடுக்கியிருக்கிறார்கள். ஆட்டம் மட்டும் நடப்பதில்லை. டீ குடித்துவிட்டுக் கலைகிறோம்.

விதியின் நியாயத்தை மறுபடி சொல்கிறேன், கோபப்படாமல் படி. ஆட்டத்தோடு வந்த விதிநூலில் உள்ளபடி அந்த மந்திரத்தைப் போட்டால் உலகம் நின்றுவிடும். நீ மட்டும் ஐந்தாறு முறை தொடர்ந்து ஆடலாம். நான் விதி எழுதியதற்கு முந்தின ஞாயிறு நீ அப்படி ஆடியது நாற்பது நிமிடம். டாக்டர் பகடையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். வீட்டம்மா இரண்டு பழைய பத்திரிகைகளைப் படித்து முடித்தார்கள். அதனால்தான் எழுதினேன்: "காலத்தை உறையவைப்பவர், மற்றவர்கள் சும்மா இருந்த நேரம் முழுக்கப் பிறகு தானும் சும்மா இருக்க வேண்டும்."

இதில் தப்பு என்ன, சொல். வந்துவிடு.

அன்புடன்,
கல்லுளிமங்கி
(நீ வைத்த பெயர்தான்)


பிப்ரவரி 15

அடி கல்லுளிமங்கி,

அஞ்சு வாரம் கழிச்சு வாயைத் திறந்து, விதிக்கு விளக்கவுரை எழுதி அனுப்பியிருக்கே. பாடப்புத்தகத்துக்கு மெய்ப்பு பார்த்துப் பார்த்து உனக்குக் கடுதாசியும் அப்படியே வருது. நல்லா இருக்கியான்னு ஒரு வார்த்தை இல்லை. நல்லாத்தான் இருக்கேன். ஒவ்வொரு ஞாயிறும் ரெண்டு மணிக்கு, நீ கூப்பிடுவியோன்னு போனைப் பக்கத்துல வச்சுட்டு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

என் வேலை என்னன்னு உனக்குத் தெரியும். ஆம்புலன்ஸ் மையத்துல ஹெட்போனை மாட்டினதும் எதிர்ல திரையில விநாடி ஓட ஆரம்பிக்கும். போனை எடுத்து அறுபது விநாடிக்குள்ள வண்டி கிளம்பணும். "மூச்சு இருக்கா பாருங்க"ன்னு நான் கேட்கிறப்பவும் அது ஓடும். வாரத்துல ஆறு நாள் என்னைத் துரத்துது. ஞாயித்துக்கிழமை ஆட்டத்துல ஒரே ஒரு தடவை நான் "நில்லு"ன்னா நிக்கும். அடிபட்டுக் கிடக்கிறவங்க ஒவ்வொருத்தரையும் ஆற அமரப் பார்க்கலாம். அதுக்குள்ள யாரும் சாக மாட்டாங்க. அதைத்தான் நீ பிடுங்கிட்டே. அன்னைக்கே இதைச் சொல்லியிருக்கலாம். எனக்கும் வரலை.

இன்னொண்ணு. உன்னை விதி போட வச்சது டாக்டர்தானே? அதான் அவர் முகத்துக்கு நேரா, "முன்னால பல்லைக் காட்டிட்டுப் பின்னால கோள் மூட்டுறீங்களா"ன்னு கேட்டுட்டு எழுந்து வந்தேன். அவரும் மறுக்கலை. அது உண்மைன்னு மட்டும் ஒரு வரி எழுது. நிம்மதியா இருப்பேன்.

அவசரக்குடுக்கை


பிப்ரவரி 19

அன்புள்ள அவசரக்குடுக்கைக்கு,

அது உண்மையில்லை. டாக்டர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அவர் வீட்டம்மாவும் சொல்லவில்லை. நீ அவரிடம் கத்தியபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். "அவரில்லை, நான்தான்" என்று சொல்ல இரண்டு விநாடி போதும். நான் நோட்டை மூடி, பேனாவை அதன்மேல் நேராக வைத்துக்கொண்டிருந்தேன்.

நாற்பது நிமிடமும் காரணமில்லை. கோட்டை அரசனை நினைவிருக்கிறதா? மூன்று மாதமாக உங்கள் மூவரையும் அவனை நோக்கித்தான் நடத்திவந்தேன். அவன் பேச வேண்டியதை நான்கு பக்கம் எழுதி, பஸ்ஸில் போகவர மனப்பாடம் செய்திருந்தேன். கதவு திறந்தது. நீ "நில்லு" என்றாய். அவன் வாயே திறக்காமல் செத்துப்போனான். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

நீ எங்கே போனாலும் பேசுவாய். நான் பேசுவது அந்த மேசையில் மட்டும், அதுவும் வேறு ஒருவன் வாயால். அதை நீ நிறுத்திவிட்டதாகத் தோன்றியது. அந்த ஆத்திரத்துக்கு நியாயம் என்று பெயர் வைத்து நோட்டில் ஏழாவதாக எழுதினேன்.

உன் விநாடிகளைப் பற்றி எனக்குத் தெரியாது. கேட்டிருக்க வேண்டும்.

கல்லுளிமங்கி


பிப்ரவரி 21

அடியே,

ரெண்டு தடவை படிச்சேன். முதல் தடவை கிழிச்சுப் போடலாம்னு இருந்துது.

ஒரு நல்ல மனுஷனை அவர் இடத்துல வச்சே கோள்காரர்னு சொல்ல விட்டிருக்கே. இன்னைக்குக் காலையில போய் மன்னிப்புக் கேட்டேன். "விடும்மா, டீ குடி"ன்னார். அது என் பங்கு. உன் பங்கை நீ வாயால சொல்லு. எழுதிக் குடுத்தேன்னு கேள்விப்பட்டேன், தெரியும் சேதி.

அப்புறம் உன் ஏழாம் விதி. அஞ்சு ஞாயிறு என்னை உறைய வச்சே. இப்ப உன் முறை. நாளை மறுநாள்ல இருந்து அஞ்சு ஞாயிறு எண்ணிக்கோ. அதுவரைக்கும் எனக்குக் கடுதாசி கூடாது, யார்கிட்டயும் சொல்லி அனுப்பக் கூடாது. எல்லாருக்கும் பொதுதானே?

மார்ச் முப்பது, ரெண்டு மணி. வருவேன்னு நான் சொல்லலை.


மார்ச் 24

அன்புள்ள அவசரக்குடுக்கைக்கு,

ஐந்தும் முடிந்தன.

டாக்டரிடம் முதல் ஞாயிறே சொல்லிவிட்டேன், வாயால். "தெரியும்மா" என்றார். "அடுத்தவங்க வாயைத் திறக்க வைக்கிறதுதான் என் தொழில். உங்ககிட்ட மட்டும் ஏழு வாரமாத் தோத்துட்டு இருந்தேன்." ஏன் அன்று மறுக்கவில்லை என்று கேட்டேன். "நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்தேன்" என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரிக்கவில்லை. வீட்டம்மா அன்று எனக்கு டீ கொண்டுவரவில்லை.

ஏழாம் விதியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதியிருக்கிறேன். இந்த முறை மூவரும் கலந்து பேசித்தான். "எதிரி ஒரு வாக்கியம் பேசிய பிறகே காலம் உறையும். அதன்பின் மூன்று நிமிடம் மந்திரவாதியுடையது. யாரும் குறுக்கிட முடியாது." பல் துலக்கும் நேரத்துக்காகக் குழந்தைகளுக்குத் தரும் சின்ன மணற்கடிகாரம் ஒன்றை டாக்டர் எடுத்துவைத்திருக்கிறார். எனக்கு ஒரு வாக்கியம், உனக்கு மூன்று நிமிடம். ஐந்து வாரம் யோசித்ததில் இதைவிடச் சரியானது கிடைக்கவில்லை.

ஞாயிறு வா.

கல்லுளிமங்கி


மார்ச் 31

அன்புள்ள கல்லுளிமங்கி,

நேத்து நான் வந்ததுல உனக்கு எவ்வளவு சந்தோஷம்னு பார்த்தேன். அதனாலதான் அங்கே சொல்லலை.

செத்த ராஜாவோட தம்பியா நீ பேசின அந்த ஒரு வாக்கியம் நல்லா இருந்துது. நிஜமாத்தான் சொல்றேன். அப்புறம் நான் "நில்லு"ன்னேன். வீட்டம்மா மணலைத் திருப்பி என் முன்னாடி வச்சாங்க. நீங்க மூணு பேரும் அதையே பார்த்தீங்க. ஆட்டத்துல டாக்டர் கீழ விழுந்து கிடக்கார், வீட்டம்மாவுக்கு ரத்தம் ஓடுது, மணல் தீர்றதுக்குள்ள யாரை முதல்ல தூக்குறதுன்னு நான் முடிவு பண்ணணும்.

அது என் வேலை. ஆறு நாள் செய்யறேன்.

விதியில குறை சொல்ல ஒண்ணும் இல்லை. நியாயமா எழுதியிருக்கே. அதான் சண்டை போடவும் முடியலை. ஞாயிறு ஷிஃப்டைக் கேட்டு வாங்கிட்டேன். என் மந்திரவாதியோட பலமும் மந்திரமும் எழுதின தாளைக் கிளினிக் கதவுக்கு அடியில சொருகிட்டு வந்திருக்கேன்.

உன்மேல கோபம் இல்லை.

அவசரக்குடுக்கை


ஜூன் 15

அன்புள்ள அவசரக்குடுக்கைக்கு,

இது மூன்றாவது கடிதம். முந்தின இரண்டுக்கும் பதில் வரவில்லை.

மணற்கடிகாரத்தை டாக்டர் மறுபடி குழந்தைகளின் அலமாரியில் வைத்துவிட்டார். விதியையும் அடித்துவிட்டேன். அந்த மந்திரம் இப்போது விதிநூலில் உள்ளபடியே இருக்கிறது, கட்டுப்பாடு எதுவும் இல்லாமல்.

ஞாயிறுகளில் நாங்கள் மூன்று பேர் ஆடுகிறோம். எங்களில் யாருக்கும் அந்த மந்திரம் தெரியாது.

கல்லுளிமங்கி