காலண்டருக்குப் பின்னால் இருந்த வாள்

திங்கட்கிழமை, இரவு பதினொன்றரை

மன்னித்துக்கொள் டைரி, பாப்பா இப்போதுதான் தூங்கினாள்.

காலையில் எங்கள் சபையின் பாலர் பள்ளியில் அவளைச் சேர்க்கப் போனேன். சபைத் தலைவர் ஊ தாவீதின் (பர்மாவில் பெரியவர்கள் பெயருக்கு முன் 'ஊ' சேர்ப்பது மரியாதை) அறையில், பழைய போதகரான அவர் தாத்தாவின் படம் மாட்டியிருக்கிறது. அந்தப் பெருமையில்தான் மூன்று தலைமுறையாகத் தலைவர் பதவி அவர்கள் வீட்டிலேயே இருக்கிறது. படத்தின் பாதியை எப்போதும் ஒரு காலண்டர் மறைத்திருக்கும். பாப்பா நாற்காலியில் ஏறி அதைத் தூக்கிவிட்டாள். போதகரின் தோளில் கைபோட்டபடி ஒரு ஜப்பான் அதிகாரி, இடுப்பில் வாளோடு நின்றார்.

"இது யாரு, அங்கிள்?"

"தாத்தாவைப் பார்க்க வந்த விருந்தாளிம்மா."

"விருந்தாளின்னா செருப்பை வாசல்ல கழட்டணும்ல? கத்தியை ஏன் கழட்டல?"

எனக்குச் சிரிப்பு முட்டியது. உலகப் போரில் பர்மாவைப் பிடித்த ஜப்பானை 'பாசிஸ்ட் ஜப்பான்' என்று பள்ளியில் மனப்பாடம் செய்தவள் நான். வாய் சும்மா இருக்கவில்லை.

"சண்டைல அவங்க ஜெயிக்கணும்னு உங்க தாத்தா ஜெபமே நடத்தினாராமே, அங்கிள்?"

"சபையைக் காப்பாத்தத்தான்மா!" என்று காலண்டரை இழுத்துவிட்டார். "நாளைக்கு வாங்க. அது யாருன்னு கேட்பேன். விருந்தாளின்னு பாப்பா சொன்னா சீட் உண்டு."

வேறு பள்ளி என்றால் தூரத்தில் இருக்கும் அலோன் வரை பஸ்ஸில் போகவேண்டும். அவளுக்கு நாலு வயது, பஸ் ஏறினாலே வாந்தி.

தூங்கும்வரை, "அந்த மாமா நல்லவரா, கெட்டவரா அம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆறு மணிக்கு எழுந்ததும் மறுபடி கேட்பாள். அதற்குள் எனக்குப் பதில் சொல், டைரி.